ஞாபகார்த்தக் கிண்ணமும் தொலைந்த கோல்களும்

சுன்னாகத்துக்குப் பக்கத்தில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஒரு மைதானத்தில் அண்மையில் ஓர் இறுதியாட்டம் பார்த்தேன். அணிக்கு ஏழு பேர், மின்னொளியில், விலகல் முறையிலான சுற்றுப்போட்டி. மைதான ஓரத்தில் ஒரு மேசை. அதில் வெள்ளைத் துணி விரித்து, வெற்றிக் கிண்ணத்தை வைத்து, அதன் பக்கத்தில் மாலை போட்ட ஒரு படத்தையும் வைத்திருந்தார்கள். அந்தக் கழகத்துக்கு ஒரு காலத்தில் ஆடிய, இப்போது உயிரோடு இல்லாத ஒருவரின் படம். போட்டி அவர் ஞாபகார்த்தமாகத்தான் நடந்தது. அவரது வீட்டாரிடம் அனுமதி கேட்கவில்லை என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். தேசிய அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெருப்பித்திருக்கிறார்கள். கழுத்துவரை பொத்தான் பூட்டிய சேர்ட், நேராகப் பார்க்கும் கண்கள், பின்னால் வெறும் திரை. இருபது வருடம் பந்தடித்த மனிதர். பந்தோடு அவருக்கு ஒரு படம் இல்லை.

விளக்கேற்றினார்கள். ஒரு நிமிட மௌன அஞ்சலி நடந்தது. கௌரவ விருந்தினர் பேசினார், கழகத் தலைவர் பேசினார். "எமது கழகத்தின் முன்னாள் நட்சத்திர வீரர்" என்று அறிவிப்பாளர் மூன்று தடவை சொன்னார். பிறகு விருந்தினர் முதல் உதையை உதைக்க ஆட்டம் தொடங்கியது. எனக்குப் பக்கத்தில், கதிரை வேண்டாமென்று சைக்கிள் கரியரில் சாய்ந்து நின்ற ஒரு பெரியவர் முணுமுணுத்தார்: "எல்லாரும் சொல்லீனம் நல்லா விளையாடினவர் எண்டு. எப்பிடி விளையாடினவர் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

அவர் சொன்னது எனக்குள் தங்கிவிட்டது. நாங்கள் எங்கள் ஆட்டக்காரரை மறப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு வருடத்தில் நடக்கிற உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளில் பெரும்பங்கு யாரோ ஒருவரின் ஞாபகார்த்தமாக நடப்பவைதான். பெயர் கிண்ணத்தில் இருக்கிறது, பதாகையில் இருக்கிறது, வெற்றிபெற்ற அணியின் சான்றிதழிலும் இருக்கிறது. ஆட்டம்தான் எங்கும் இல்லை. அந்த இடைவெளி எப்படி விழுந்தது என்று தேடியதில் கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் கழகங்கள் எப்படிப்பட்டவை என்று சொல்லவேண்டும். சுன்னாகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் மயிலங்காடு ஞானமுருகன், ஊரெழு றோயல், குப்பிளான் குறிஞ்சிக்குமரன் என்று பெயர்கள் வரும். வட்டத்தைப் பெரிதாக்கினால் இளவாலை யங் ஹென்றீசியன்ஸ், நாவாந்துறை சென் மேரிஸ், குருநகர் பாடும்மீன், வதிரி டயமன்ட்ஸ், நவிண்டில் கலைமதி. முருகன் பெயரில் ஒரு கழகம், மாதா பெயரில் ஒரு கழகம், படித்த பள்ளிக்கூடத்தின் பெயரில் ஒன்று, பாடும் மீனின் பெயரில் ஒன்று. ஊர் தன்னை எதுவாக நினைத்ததோ அதையே கழகத்துக்கும் பெயராக வைத்திருக்கிறது. அநேக கழகங்களுக்குப் பக்கத்தில் ஒரு சனசமூக நிலையம், அதன் வாசிகசாலை, கொஞ்சம் தள்ளி ஒரு கோயில் அல்லது தேவாலயம். கழகத்துக்கு ஆடுகிறவன் கூப்பிடு தூரத்தில் வளர்ந்த பெடியன். பார்க்கிறவர்களில் பாதிப்பேருக்கு அவன் மருமகன், மச்சான், அல்லது வகுப்புத் தோழனின் தம்பி.

இதனால் எங்கள் ஊரில் இரசிகன் என்ற சொல்லே கொஞ்சம் பொருந்தாமல் நிற்கிறது. இலண்டனிலோ கொல்கத்தாவிலோ இரசிகன் டிக்கெற் வாங்கிப் போய்ப் பார்க்கிறவன். வீரனை அவன் மைதானத்துக்குள் மட்டுமே அறிவான். ஆகவே அவன் நினைவில் நிற்பதும் மைதானத்துக்குள் நடந்ததுதான். எங்கள் ஊரில் அந்த ஆட்டக்காரரைச் சந்தையில் வெங்காயம் விற்கும்போது கண்டிருக்கிறோம். கலியாண வீட்டில் பந்திக்கு இலை போடக் கண்டிருக்கிறோம். கடைசியில் சுடலைவரை கூடப் போயிருக்கிறோம். அவர் ஆள் எப்படி என்பது நெஞ்சில் நிறைந்துபோகிறது. நினைவுகூர என்று கூடும்போது "நல்ல மனிசன், எல்லாருக்கும் உதவி" என்ற பேச்சே முந்திக்கொண்டு வருகிறது. அதில் பொய் இல்லை. ஆனால் ஐந்து பேரைத் தாண்டிப் போன அந்தக் கால் அந்தப் பேச்சுக்குள் மறைந்துவிடுகிறது.

இறந்தவரை எழுத்தில் வைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லாமலில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடித்து வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரை இன்றும் 'கல்வெட்டு' என்றே சொல்கிறோம். அதில் தேவாரம் இருக்கும், வம்சம் இருக்கும், பிள்ளைகள் மருமக்கள் பெயர் இருக்கும், பெரும்பாலும் வெண்பாவில் திதி இருக்கும். இப்படியான மலர்களைக் கண்ட இடமெல்லாம் புரட்டுவது எனக்குப் பழக்கம். ஆசிரியராக இருந்தவரின் சேவைக்காலம் திகதியோடு இருக்கும். கோயில் தருமகர்த்தாவாக இருந்தவர் கட்டிய மண்டபத்தின் அளவுகூட இருக்கும். பந்தடித்தவருக்கு ஒரு வரி: "சிறந்த உதைபந்தாட்ட வீரராகவும் விளங்கினார்." அந்த 'உம்' விகுதியில் ஒரு மனிதரின் இருபது வருட மாலைப்பொழுதுகள் அடங்கிப் போகின்றன.

வேறொரு ஊரில் இது நடந்திருந்தால் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன். சுன்னாகம் அச்செழுத்தின் ஊர். குறும்பசிட்டி நா. பொன்னையா 1930இல் தொடங்கிய 'ஈழகேசரி' 1958 வரை வந்தது. அவருடைய திருமகள் அழுத்தகம் இங்கேதான் இருந்தது. சி. கணேசையரின் குறிப்புகளோடு தொல்காப்பிய உரைப் பதிப்புகள் 1930களிலும் 40களிலும் அந்த அச்சகத்திலிருந்து வெளிவந்தன. அதற்கும் முந்திய தலைமுறையில் சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர். ஓர் ஏட்டில் ஒற்று மிகுந்திருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று நாட்கணக்கில் ஒப்புநோக்கிய பரம்பரை இது. பாடபேதம் என்றால் என்னவென்று தமிழுலகத்துக்குக் காட்டிய ஊரில், எங்கள் கழகம் எந்த வருடம் யாருக்கு எத்தனை கோல் அடித்தது என்பதற்கு நம்பத்தக்க ஒரு பட்டியலை எடுத்துக் காட்டமுடியாமல் நிற்கிறோம். பந்தடியை எழுத்துக்கு உரிய விடயமாக அந்தப் பெரியவர்கள் நினைக்கவில்லை. அவர்களுக்குப் பின்வந்த நாங்களும் நினைக்கவில்லை.

எழுதப்பட்ட கொஞ்சத்துக்கு நேர்ந்தது வேறு கதை. 1959இல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கிப் பின் நாளிதழான 'ஈழநாடு' உள்ளூர் ஆட்டங்களுக்கும் இடம் கொடுத்தது. 1981 ஜூன் முதல் நாட்களில் யாழ்ப்பாணம் பொதுநூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டபோது 'ஈழநாடு' பணிமனையும் எரிந்தது. நூலகத்தைப் பற்றிப் பேசும்போது நாங்கள் ஓலைச்சுவடிகளை நினைத்து அழுகிறோம், சரிதான். அந்தத் தீயில் பழைய பத்திரிகைக் கட்டுகளும் போயின. ஒரு சனிக்கிழமை மாலை நடந்த ஆட்டத்தின் நான்கு வரிச் செய்தியும் அந்தக் கட்டுகளுக்குள்தான் இருந்திருக்கும்.

அதன் பிறகு வீடுகளில் இருந்தவை போயின. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தது. மயிலிட்டி, காங்கேசன்துறை, தெல்லிப்பழைச் சனங்கள் பெட்டி எடுக்கவும் நேரமில்லாமல் எழும்பி வந்தார்கள். பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் தொடங்கிய மகாஜனக் கல்லூரி, வடபகுதிப் பந்தடிக்குப் பேர்பெற்ற அந்தப் பள்ளிக்கூடம், தன் மைதானத்தை விட்டு வேறிடங்களில் இயங்கவேண்டி வந்தது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் செம்மணி வழியாகவும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு நடந்தது. மழையில், சைக்கிள் கரியரில் அரிசியும் பத்திரங்களும் கட்டிக்கொண்டு போனவர்களிடம், சுவரில் தொங்கிய அணிப் படத்தை ஏன் எடுக்கவில்லை என்று யார் கேட்பது? திரும்பி வந்தபோது கறையான் தின்ற சட்டங்கள் கிடந்தன. யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கைப் புனரமைக்க 1999இல் மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிவந்தன. 2016 ஜூன் மாதம் அந்த அரங்கு திருத்தப்பட்டு மறுபடி திறந்துவைக்கப்பட்டது. இன்று அங்கே புல்லுக்குமேல் பிள்ளைகள் ஓடுகிறார்கள். ஓடவேண்டும். அந்த மண்ணுக்கும் ஞாபகம் இருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது.

இத்தனைக்குப் பிறகும் எஞ்சியிருப்பது வாய்வழி நினைவு. அதற்கென்று ஒரு நாட்காட்டி இருக்கிறது. "அந்தக் கோல் எந்த வருசம் அடிச்சவர்?" என்று கேட்டால் "எண்பத்தாறு" என்று பதில் வராது. "இந்தியன் ஆமி வாறதுக்கு முதல் வருசம்" என்று வரும். "கோட்டைச் சண்டை நேரம்", "இடம்பெயர்வுக்கு முந்தின மாரி", "பாதை திறந்த கையோடை" என்று வரும். வெளியூர் ஆய்வாளருக்கு இது தெளிவில்லாத பேச்சாகத் தோன்றும். உண்மையில் இதைவிடத் துல்லியமான அளவுகோல் எங்களிடம் இல்லை. இந்தியப் படை வந்தது 1987 ஜூலைக் கடைசியில். சண்டை தொடங்கியது அதே வருடம் ஒக்ரோபரில். இரண்டு பேர் தனித்தனியே "ஆமி வாறதுக்கு முதல் வருசம், வெங்காயம் கிண்டின கையோடை" என்று சொன்னால், திகதி கிட்டத்தட்டக் கையில் கிடைத்துவிடும்.

யார் யாரை நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. உலகின் தலைசிறந்த உதைபந்தாட்ட வீரர்கள் யார் என்று நூற்றுக்கணக்கானவர்களிடம் கேட்டு, ஸ்டீவ் யான்சனும் சக ஆய்வாளர்களும் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பேலேயா, குரைஃபா, மரடோனாவா என்ற பழைய வழக்குத்தான் அதன் தலைப்பு. பதில் சொன்னவருக்கு ஏறக்குறைய பதினேழு வயதாக இருந்தபோது உச்சத்தில் ஆடிய வீரனையே அவர் பெரும்பாலும் பெரியவனாகச் சொன்னார் என்பது முடிவு. பதினேழு வயதில் பார்த்த ஆட்டம் உடம்பில் ஒட்டிவிடுகிறது.

இந்த முடிவை எங்கள் ஊருக்குப் பொருத்திப் பார்த்தேன். 1975இல் பதினேழு வயதாக இருந்தவருக்கு இப்போது அறுபதுக்குமேல். அவர் வாயிலிருந்து பெயர்கள் கொட்டும். 2010இல் பதினேழு வயதாக இருந்தவருக்கும் சொல்ல ஆட்கள் உண்டு, கைபேசியில் காணொளிகூட உண்டு. இடையில் 1987 முதல் 1996 வரை பதினேழு வயதைக் கடந்தவர்கள்? மைதானத்தில் முகாம், வானத்தில் பொம்மர், ஊர் ஊராக அலைவு. அந்த நாளிலும் ஆடினார்கள். இடம்பெயர்ந்த இடத்திலும் இரண்டு தடி நட்டுப் பந்தடித்தார்கள். ஆனால் பார்த்தவர்கள் சிதறிப்போனார்கள். அந்தக் காலத்து ஆட்டக்காரனின் நல்ல சாட்சி இன்று ரொறன்ரோவில் பனிக்குள் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறான், அல்லது இலண்டனில் பழைய மாணவர் சங்கப் போட்டிக்குப் போய்க் கோட்டுக்கு வெளியே நிற்கிறான். சுன்னாகத்தில் கேட்டு முடித்துவிட்டோம் என்று அந்தப் பத்து வருடத்தை மூடிவைக்கமுடியாது.

எழுத்தும் படமும் இல்லாமல் இரசிகரின் வாயிலேயே வாழ்ந்த ஆட்டக்காரருக்கு உலகில் பேர்போன ஒரு சான்று உண்டு. ஆர்ஜென்ரீனாவின் றொசாரியோ நகரில் சென்றல் கோர்டோபா என்று ஒரு சிறு கழகம். அதற்கு ஆடியவர் தோமாஸ் கார்லோவிச். 'எல் த்ரிஞ்சே' என்று ஊர் கூப்பிட்டது. 1974 ஏப்ரல் 17இல், உலகக் கிண்ணத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த தேசிய அணிக்கு எதிராக றொசாரியோவின் கூட்டணி ஒன்று இறங்கியது. அதில் இரண்டாம் பிரிவுக் கழகத்திலிருந்து வந்த ஒரே ஆள் கார்லோவிச். 3–1 என்று தேசிய அணி தோற்றது. 1993இல் அந்த நகருக்கு ஆட வந்த மரடோனா, மிகச் சிறந்தவன் இங்கே ஏற்கனவே ஆடிவிட்டான் என்று அவரைக் குறித்துச் சொன்னதாக இன்றும் பேச்சு. அவர் ஆடிய காணொளி என்று எடுத்துக்காட்ட அநேகமாக எதுவுமில்லை. எதிரியின் கால்களுக்கிடையால் பந்தைத் தள்ளி, அவன் திரும்புவதற்குள் மறுபடியும் அதே கால்களுக்கிடையால் திருப்பி எடுத்ததாகச் சொல்கிறார்களே, அதைப் பார்த்தவன் இன்னொருவனுக்குச் சொன்னதால்தான் அது இருக்கிறது. 2020 மே மாதம், சைக்கிளைப் பறிக்க வந்தவன் தாக்கியதில் அவர் இறந்தார். 74 வயது. ஊரே வீதிக்கு வந்தது.

அந்த ஊர்க்காரர் நினைவில் வைத்திருப்பது ஒரு செய்கையை. இன்ன காலால், இன்ன விதமாக என்று. 'நல்ல மனிசன்' என்ற இடத்தில் அவர்கள் நின்றுவிடவில்லை. எங்களுக்கும் அவர்களுக்கும் இருக்கிற வேறுபாடு இங்கேதான் எனக்குத் தெரிகிறது.

எழுதி வைத்தாலே போதுமா என்றும் கேட்கவேண்டும். அதற்குத் துளசிதாஸ் பலராமின் கதையைப் பார்க்கலாம். 1936இல் செகந்தராபாத்துக்குப் பக்கத்தில் அம்முகூடாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ஏழ்மை. பயிற்றுநர் சையத் அப்துல் ரஹீம் கண்டெடுத்தார். பயிற்சிக்கு வர வாடகைச் சைக்கிளுக்குக் காசில்லை என்றபோது ரஹீமே கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. இருபது வயதில் மெல்பேர்ன் ஒலிம்பிக் அணியில் இருந்தார். அந்த அணி நான்காம் இடம் பெற்றது. 1957இல் கல்கத்தாவின் ஈஸ்ற் பெங்கால் கழகத்துக்குப் போனார்.

அந்தக் கழகத்தை யாழ்ப்பாணத்தவருக்கு அதிகம் விளக்கவேண்டியதில்லை. 1920இல் தொடங்கியது. 1947இல் வங்காளம் பிளவுபட்டபோது வீடும் வளவும் விட்டு மேற்கே வந்த இலட்சக்கணக்கானவர்கள், போன ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு கழகத்தைப் பற்றிக்கொண்டார்கள். இடம்பெயர்ந்தவனுக்கு ஊர் என்று காட்ட மிஞ்சியது சிவப்பும் பொன்னிறமும் கொண்ட ஒரு மேற்சட்டை. 1949 முதல் 1953 வரை அந்தக் கழகத்தின் முன்வரிசையில் ஆடிய வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவருக்கும் 'பஞ்ச பாண்டவர்' என்று பெயர் வைத்தார்கள். தென்னாட்டிலிருந்து போனவர்களைப் பாரதக் கதைக்குள் இருத்தி வீட்டாளாக்கிவிட்டார்கள். பலராமும் அப்படித்தான் அவர்களுக்குச் சொந்தமானார். அந்தக் கழகத்துக்காக அவர் அடித்த கோல்கள் 104 என்று கணக்கு இருக்கிறது. 1961இல் அவர் தலைமையில் கல்கத்தா லீக் கைக்கு வந்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் மூவரையும் மும்மூர்த்திகளாகப் பேசினார்கள். நுரையீரல் நோய் வந்து முப்பது வயதாகுமுன்னே ஆட்டத்தை விட்டார்.

இவ்வளவு எழுதப்பட்டவரின் வாழ்விலும் ஒரு பாடபேதம் இருக்கிறது. 1960 உரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோல் பலராமுடையது, அதில் வழக்கில்லை. கடைசி ஆட்டத்தில் பெருவிடம் 1–3 என்று தோற்றபோது விழுந்த கோல்தான் சிக்கல். இந்திய உதைபந்தாட்டம் ஒலிம்பிக்கில் அடித்த கடைசிக் கோல் அது. சில பதிவுகள் அதைப் பலராமின் கணக்கில் எழுதியிருக்கின்றன. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அதைச் சைமன் சுந்தரராஜின் கோலாகச் சொல்லி வருகிறார்கள். பின்னாளில் 1973இல் கேரளத்துக்கு முதன்முதலாகச் சந்தோஷ் கிண்ணத்தை வென்று கொடுத்த பயிற்றுநர் அவர். ஒலிம்பிக் மைதானம், நடுவர், நிருபர்கள், ஆட்ட அறிக்கை எல்லாம் இருந்தும் ஒரே கோலுக்கு இரண்டு உரிமையாளர். அப்படியானால் குப்பிளானிலோ ஊரெழுவிலோ இரண்டு கிழவர்கள் ஒரு கோலுக்காகக் குரல் உயர்த்துவதைக் கண்டு நாங்கள் சிரிக்க இடமில்லை. இரண்டு பாடத்தையும் எழுதி, யார் சொன்னது, எங்கே நின்று பார்த்தவர் என்று அடிக்குறிப்பு வைப்பதுதான் கணேசையர் வழி.

இன்னொன்றும் இந்தக் கதையில் என்னை உறுத்துகிறது. கோஸ்வாமிக்கும் பானர்ஜிக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது, பலராமுக்குக் கிடைக்கவில்லை. தான் ஆடிய கழகத்தின் நிருவாகத்தோடும் அவருக்கு நீண்டகால மனத்தாங்கல் இருந்தது. நேர்காணல்களில் அதை அவர் மறைக்கவில்லை. கலியாணம் செய்யாமல், ஹூக்ளி நதியோரம் உத்தர்பாராவில் வாழ்ந்து 2023 பெப்ரவரி 16இல் 86 வயதில் காலமானார். மற்ற இருவரும் 2020இலேயே போய்விட்டார்கள். இரசிகர் நெஞ்சில் அவர் என்றும் இருந்தார். கழகத்தின் கதவுதான் அவருக்கு அந்நியமாகிப் போனது. நினைவுகூர்தல் ஆள் இறந்தபின் தொடங்கும் வேலையாக இருந்தால் இப்படித்தான் முடியும். எங்கள் கழகங்களைச் சுற்றி எழுபது வயதிலும் எண்பது வயதிலும் முழங்கால் நோவோடு நடக்கிற பழைய 'சென்ரர் போர்வேட்'கள் இப்போதும் இருக்கிறார்கள். ஞாபகார்த்தக் கிண்ணத்துக்கு அவர்களின் முறை வரும்வரை காத்திருப்பதைவிட, இந்த மாதமே ஒரு பின்னேரம் போய் முற்றத்தில் இருந்து கேட்கலாம்.

ஆட்டம் பதிவாகாமல் போகிற குறை புதிய தலைமுறைக்கு அவ்வளவு இல்லை. மன்னாரிலிருந்து எழும்பி இலங்கைத் தேசிய அணியின் பின்வரிசையில் நின்ற டக்சன் பியூஸ்லஸ் 2022 பெப்ரவரியில் மாலைதீவில், 31 வயதில் இறந்தார். அப்போது அங்கே வலென்சியா கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார். தாங்கமுடியாத இழப்பு. ஆனால் அவர் எப்படிப் பந்தைப் பறித்தார், எப்படித் தலையால் முட்டினார் என்பதை மன்னாரில் இன்னும் பிறக்காத பிள்ளையும் ஒருநாள் பார்க்கமுடியும். காணொளி இருக்கிறது, திகதி இருக்கிறது. அந்த வசதி பெண்களின் ஆட்டத்துக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. மகாஜனாவின் பெண்கள் அணி அகில இலங்கைப் பாடசாலை மட்டத்தில் பலமுறை வென்று வந்திருக்கிறது. அந்தப் பிள்ளைகள் கலியாணமாகி வேறூர் போனபின் அவர்களுடைய ஆட்டத்தைச் சொல்ல எந்தக் கழகம் இருக்கப்போகிறது? ஆண்களுக்கு ஊர்க்கழகம் என்ற திண்ணையாவது உண்டு.

பழைய ஆட்டக்காரருக்குச் செய்யக்கூடியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் பாடசாலை ஆண்டு மலர்கள், கழக மலர்கள், கல்வெட்டுகள் எல்லாம் படமாக்கி வைக்கப்பட்டுள்ளன. மலர்களின் அணிப் படங்களுக்குக் கீழே 'நிற்பவர்கள்', 'இருப்பவர்கள்' என்று பெயர் வரிசை இருக்கும். அந்த வரிசையை எடுத்துக்கொண்டு போனால் மனிதர் பேசுவார்கள். வெறுங்கையோடு போய் "பழைய கதை சொல்லுங்கோ" என்றால் 'நல்ல மனிசன்'தான் கிடைக்கும்.

அனுபவத்தில் கண்ட இன்னொரு வழி: சொந்தக் கழகத்தாரிடம் கேட்டது போதாது, எதிரணிக்காரரிடமும் கேட்கவேண்டும். அந்த இறுதியாட்டத்துப் பெரியவர் அப்படிப்பட்டவர். அவர் அந்தக் கழகத்து ஆளே இல்லை. படத்திலிருந்தவருக்கு எதிராகப் பத்து வருடம் 'பக்'காக நின்றவர். பதினைந்து கிலோமீற்றருக்கு அங்காலிருந்து சைக்கிளில் வந்திருக்கிறார். இடைவேளையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொன்னார்:

"இடக்கால்காரன் தம்பி. வலக்கால் அவனுக்கு நடக்கிறதுக்கு மட்டும்தான். இடக்கால்தான் எண்டு எனக்குத் தெரியும், எங்கடை ரீம் முழுக்கத் தெரியும். தெரிஞ்சும் என்ன? வலப்பக்கம் விழுறமாதிரி ஒருக்கா தோளைச் சரிப்பான். அந்தத் தோள் சரியேக்கை நான் ஒவ்வொரு முறையும் ஏமாந்தனான். பத்து வருசம். பந்தைப் பாக்காதை, இடுப்பைப் பார் எண்டு எங்கடை மாஸ்ரர் சொல்லுவார். இடுப்பும் பொய் சொல்லும் அவனுக்கு."

சொல்லிக்கொண்டே தேநீர்க் கோப்பையைச் சைக்கிள் இருக்கையில் வைத்துவிட்டு, எழுபது வயதுத் தோளை வலப்பக்கம் சரித்துக் காட்டினார். ஒரு கணம்தான். எனக்கு அந்த அடையாள அட்டைப் படம் அசைந்தது போலிருந்தது.

ஆட்டம் முடிந்து கிண்ணம் கொடுத்து, கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கழகச் செயலாளர் இருபத்தைந்து வயதுப் பெடியன். மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியில் அன்றைய கோல்களை எழுதிக்கொண்டிருந்தான்: பெயர், நிமிடம், எந்தக் கால். பெரியவர் அவனுக்குமேல் குனிந்து பார்த்தார்.

"தம்பி, அவன் எங்களுக்கு அடிச்ச கோல் ஒண்டு இருக்கு. அதையும் உதிலை எழுதுமன்."

பெடியன் நிமிர்ந்தான். "எப்ப ஐயா?"

"ஆமி வாறதுக்கு முதல் வருசம். மழைக்கு முந்தி. உந்த வடக்குக் கோல் கம்பம்."

அவன் ஒரு புதிய பக்கத்தைத் திருப்பினான். திகதிக்கான இடத்தில் 'இந்தியன் ஆமி வருவதற்கு முதல் வருடம், மாரிக்கு முன்' என்று அப்படியே எழுதினான். பிறகு கேட்டான்: "எந்தக் கால் ஐயா?"

பெரியவர் சைக்கிள் ஸ்ராண்டைத் தட்டிவிட்டு மறுபடி அவன் பக்கத்தில் வந்து நின்றார். "அதுதான் தம்பி சொல்லப்போறன்," என்றார். "அண்டைக்குத்தான் அவன் வலக்காலாலை அடிச்சவன்."